8.8.8.8 என்று போட்டாலும் பதில் சொல்வது யார்? உங்க வீட்டு ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு வரி

2024 செப்டம்பர் முதல் வாரம். மலேசியாவில் இணையத்தைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். ரவுட்டரில் கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8-ஐப் போட்டு வைத்திருக்கிறார்கள். கேள்வி கூகுளுக்குத்தான் போகிறது என்று ரவுட்டரும் காட்டுகிறது. ஆனால் வரும் பதில் கூகுளுடையதாக இல்லை. தடை செய்யப்பட்ட ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால், 175.139.142.25 என்ற எண் திரும்பி வருகிறது. அது அந்தத் தளத்தின் முகவரி இல்லை. அந்தத் தளம் மலேசியாவில் முடக்கப்பட்டிருக்கிறது என்று அறிவிக்கும் பக்கத்தின் முகவரி.

நீங்க ஒருத்தருக்கு போன் போடுறீங்க. எடுத்தது வேற ஆள். ஆனா குரலை மாற்றிக்கொண்டு, நீங்க தேடிய ஆள் நான்தான் என்று பேசுகிறார். நடந்தது ஏறக்குறைய அதுதான்.

இது தனிப்பட்ட ஒரு ரவுட்டரின் கோளாறு இல்லை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி கொடுத்த உத்தரவின் விளைவு. கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளி டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை, இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்த டிஎன்எஸ் சர்வர்களுக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதே அந்த உத்தரவு. செப்டம்பர் 30 என்ற காலக்கெடுவும் பேசப்பட்டது. சில நிறுவனங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, தொடர்புத் துறை அமைச்சர் ஃபாஹ்மி ஃபாட்சில் இந்த முறையைத் தொடர வேண்டாம் என்று எம்சிஎம்சியைக் கேட்டுக்கொண்டதாக அறிவித்தார். சில நாள் கூத்து, முடிந்தது.

ஆனால் பலருக்கு முதல் கேள்வியே அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை: டிஎன்எஸ் என்றால் என்ன? அது என் வீட்டில் எங்கே இருக்கிறது? புது மோடம் வாங்கும்போது நான் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். கடைக்காரர் வேகத்தைப் பற்றியும் ஆன்டெனா எண்ணிக்கையைப் பற்றியும்தான் சொல்வார். முகவரி அமைப்புகளைப் பற்றி லோயாட் பிளாசாவில் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பெயர் ஒன்று, எண் ஒன்று

இணையத்தில் எந்தக் கணினிக்கும் அடையாளம் அதன் எண்தான். நாம் தட்டும் பெயர் மனிதர்களுக்காக. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் முகவரிப் புத்தகம்தான் டிஎன்எஸ். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. அதற்கு முன், வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன; எல்லாரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். நம்ப முடிகிறதா?

உங்க வீட்டில் நடப்பது இது. கைபேசி வைஃபையில் சேர்ந்ததும் ரவுட்டர் அதற்கு ஓர் எண் கொடுக்கிறது, 192.168 என்று தொடங்கும் எண். கூடவே, பெயர் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேள் என்றும் சொல்லிவிடுகிறது. ரவுட்டருக்கும் பதில் தெரியாது. அது இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு வாங்கித் தருகிறது. டிஎம் நிறுவனத்தின் 1.9.1.9 அப்படி ஒரு சர்வர். ஸ்ட்ரீமிக்ஸ் காலத்து ஆட்களுக்கு 202.188.0.133 என்ற எண் மனப்பாடமாக இருக்கும். மோடத்தைத் திரும்ப அமைக்கும்போதெல்லாம் அதைத் தட்டியே கை ஓய்ந்தவர்கள் அவர்கள்.

மலேசியாவில் தளங்களை முடக்குவதற்கு வழக்கமாகப் பயன்படுவது இந்த இடம்தான். தளத்தை யாரும் அழிப்பதில்லை, கம்பியை வெட்டுவதும் இல்லை. நிறுவனத்தின் முகவரிப் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு எதிரே பொய் எண் ஒன்றை எழுதிவிடுகிறார்கள். மலிவான முறை, தாண்டுவதும் எளிது. ரவுட்டரில் வேறொரு புத்தகத்தின் எண்ணைப் போட்டால் போதும். கூகுள் 2009 டிசம்பரில் 8.8.8.8-ஐத் திறந்தது. கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1 அன்று 1.1.1.1-ஐத் திறந்தது. முட்டாள்கள் தினம் என்பதால் பலர் அதை விளையாட்டு என்றே நினைத்தார்கள்.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் 2024 உத்தரவின் நோக்கம். எம்சிஎம்சியின் பக்கத்தையும் கேட்டுவிடுவோம். 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்களை முடக்கியதாக அது சொன்னது. அவற்றில் இணையச் சூதாட்டம் 39 விழுக்காடு, ஆபாசம் 31 விழுக்காடு, பதிப்புரிமை மீறல் 14 விழுக்காடு. பலவீனமானவர்களைத் தீங்கான உள்ளடக்கத்திலிருந்து காப்பதற்கே இது, அடக்குமுறை இல்லை என்றும் விளக்கியது. இணையச் சூதாட்டத்தில் மாதச் சம்பளத்தைத் தொலைத்த ஒருவர் இல்லாத தாமான் கிள்ளானில் இருக்கிறதா? அந்தக் கவலை பொய்யில்லை.

அப்புறம் ஏன் எதிர்ப்பு?

ஒரு காரணம், பட்டியலில் எப்போதும் சூதாட்டத் தளங்கள் மட்டுமே இருந்ததில்லை. 2015 ஜூலையில் 1எம்டிபி விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் முடக்கப்பட்டது. அதன் கட்டுரையை மீடியம் தளத்தில் போட்டதும், 2016 ஜனவரியில் மீடியம் முழுவதுமே மலேசியாவில் திறக்கவில்லை. சமையல் குறிப்பு எழுதியவரும் கவிதை எழுதியவரும் சேர்ந்தே காணாமல் போனார்கள். அடுத்த மாதம் தி மலேசியன் இன்சைடர். 2018 மே தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் சரவாக் ரிப்போர்ட் திரும்பி வந்தது. இத்தனைக்கும், 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3(3) பிரிவு, இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதி என்று பொருள் கொள்ளக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 263-ஆவது பிரிவு, தங்கள் வலையமைப்பு குற்றத்துக்குப் பயன்படாமல் தடுக்க நிறுவனங்கள் இயன்றதைச் செய்ய வேண்டும் என்கிறது. முடக்கங்களுக்குக் காட்டப்படுவது பின்னது. இரண்டும் ஒரே புத்தகத்தில் அருகருகே குடியிருக்கின்றன.

இன்னொரு காரணம் இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடக்கம் என்பது வேறு, ஆள்மாறாட்டம் என்பது வேறு. நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் பொய் சொன்னால், அந்த டிஎன்எஸ்ஸை நீங்க பயன்படுத்தாமல் இருக்கலாம். 8.8.8.8-க்கு எழுதிய கடிதத்தை நடுவில் பிரித்து வேறு ஆள் பதில் போட்டால், உங்க ரவுட்டரில் உள்ள அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. அது வெறும் அலங்காரம்.

இதில் ஒரு முரண் உண்டு, யோசித்துப் பாருங்க. கிளவுட்ஃபிளேர் 2020-இல் 1.1.1.3 என்ற இன்னொரு எண்ணைத் தொடங்கியது. வைரஸ் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் தானே வடிகட்டும் டிஎன்எஸ் அது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற அப்பா, அம்மா ரவுட்டரில் அந்த எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே போகும் டிஎன்எஸ் கேள்விகள் எல்லாம் திருப்பிவிடப்பட்டால், அந்த வடிகட்டியும் போச்சு. பிள்ளைகளைக் காக்க வந்த உத்தரவு, பெற்றோர் போட்ட பூட்டையே கழற்றிவிடும். அலுவலகங்களுக்கும் தலைவலிதான். மின்னஞ்சல் சர்வர்கள் குப்பை அஞ்சலைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் கேள்விகளையும் பயன்படுத்துகின்றன.

நாம் ஒன்றும் முதல் ஆள் இல்லை. 2014 மார்ச்சில் துருக்கி டுவிட்டரை முடக்கியபோது, இஸ்தான்புல் சுவர்களில் மக்கள் 8.8.8.8 என்று பெயின்ட் அடித்தார்கள். அரசியல் முழக்கமாக ஓர் ஐபி எண்! சில நாட்களில் துருக்கி நிறுவனங்கள் கூகுளின் டிஎன்எஸ் போலவே வேடமிட்ட சர்வர்களை நிறுத்தின. கூகுளே அதை உறுதி செய்தது. பக்கத்து நாடான இந்தோனேசியாவில் டிஎன்எஸ் கேள்விகளைத் திருப்பிவிடுவது பல வருடங்களாகப் பழகிப்போன விஷயம்.

சரி, உங்க வீட்டுப் பெட்டி எந்த வகை?

இங்கேதான் மோடம் ஒப்பீடு வருகிறது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் மோடம் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டு வேலை செய்யும் பொருள். ஃபைபர் ஒளியை மின்குறியாக மாற்றுவது ஒரு வேலை. யூனிஃபை வீடுகளில் அந்தப் பெட்டியை பிடியூ என்பார்கள். முகவரி கொடுப்பதும், வைஃபை பரப்புவதும், டிஎன்எஸ் வைத்திருப்பதும் ரவுட்டரின் வேலை. பழைய அடுக்குமாடிகளில் ஃபைபர் கட்டடத்தின் அடி வரைக்கும் வந்து, வீட்டுக்குள் தொலைபேசிக் கம்பியில் ஏறும் விடிஎஸ்எல் இணைப்புகளும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய பிளாட் வாடகைக்குப் பார்க்கிறீர்கள் என்றால் வாடகையோடு இதையும் கேட்டு வையுங்கள். புது கொண்டோ என்றால் பிரச்சினை குறைவு.

சில நிறுவனங்கள் இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுக்கின்றன. மேசையில் இடம் மிச்சம், கம்பி மிச்சம், கெட்டுப்போனால் ஒரே போன் கால். ஆனால் அமைப்புப் பக்கத்துக்குள் போனால், உங்களுக்குக் கிடைப்பது சாதாரணப் பயனர் கணக்கு. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றலாம். டிஎன்எஸ் மாற்றும் இடம் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அல்லது மெனுவிலேயே இருக்காது. முழு அதிகாரமுள்ள கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். டிஆர்-069 என்ற வழியில் அவர்கள் தூரத்திலிருந்தே பெட்டியைத் திறந்து பழுது பார்க்கலாம், அமைப்பையும் மாற்றலாம். பாட்டி மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது வசதிதான், கேலியாகச் சொல்லவில்லை. நடு ராத்திரி நெட் போனால் பேரனை எழுப்ப வேண்டாம்.

தனி பிடியூ, தனி ரவுட்டர் என்றால் விளையாட்டு உங்க கையில். நிறுவனம் கொடுத்த ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, சொந்த ரவுட்டரை மாட்டலாம். ஒரே பெட்டியாக இருந்தால், அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்தைக் கேட்கலாம். அப்போது அது வெறும் ஒளி மாற்றியாக ஒதுங்கிக்கொள்ளும். கேட்டால் செய்து தருவார்களா என்பது நிறுவனத்தையும், போன் எடுக்கும் ஆளையும் பொறுத்தது. எனக்கு மூன்றாவது அழைப்பில்தான் பிரிட்ஜ் என்ற வார்த்தை புரிந்த ஒருவர் கிடைத்தார்.

சொந்த ரவுட்டர் என்றால் மலேசியாவில் ஒரு விசேஷம் உண்டு. யூனிஃபை இணைப்பில் இணையம் 500 என்ற விலான் எண்ணில் வரும். பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் பிபிபிஓஇ முறை. மற்ற நிறுவனங்களுக்கு எண்ணும் முறையும் வேறு. இதைத் தட்டாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரவுட்டரும் சிவப்பு விளக்கோடு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். டிபி-லிங்க், ஏசுஸ் இரண்டும் யூனிஃபை, மேக்சிஸ் பெயர்களைத் தங்கள் ஐபிடிவி மெனுவிலேயே வைத்திருக்கின்றன. பட்டியலில் தேர்ந்தெடுத்தால் எண் தானே விழும். வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கி அனுப்பிய ரவுட்டரில் அந்தப் பட்டியல் இல்லாமல் போகலாம், விலான் வசதியே இல்லாமலும் போகலாம். வாங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளே நுழையும் கதவும் பிராண்டுக்கு ஒன்று. டி-லிங்கில் 192.168.0.1. டிபி-லிங்கில் அதுவோ 192.168.1.1-ஓ. புதிய ஏசுஸ்களில் 192.168.50.1. ஹுவாவேயின் ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலும் 192.168.100.1. மைக்ரோட்டிக்கில் 192.168.88.1. இது வெறும் பொது அறிவுக்குச் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டரை மாட்டும்போது இரண்டும் 192.168.1 என்றே முகவரி கொடுத்தால், எந்த 192.168.1-ஐ நீங்க கேட்கிறீர்கள் என்று ரவுட்டருக்கே குழப்பம் வரும். நெட் வரும், போகும், திரும்ப வரும். சொந்த ரவுட்டரின் உள்முகவரியை வேறு வரிசைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். டிஎன்எஸ் எண்ணை மாற்றும் வசதி கிட்டத்தட்ட எல்லாச் சொந்த ரவுட்டரிலும் இருக்கிறது. மலிவான டிபி-லிங்க்கிலும் இருக்கிறது. ஆனால் 2024 செப்டம்பர் காட்டியது, எண்ணை மாற்றினால் மட்டும் போதாது என்பதைத்தான். சாதாரண டிஎன்எஸ் கேள்வி ஒரு தபால் அட்டை மாதிரி. 53 என்ற போர்ட் வழியாக, உறை இல்லாமல் போகும். வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருப்பலாம், பதில் எழுதலாம். பதிலைப் பார்த்து அது யார் எழுதியது என்று உங்க கைபேசிக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

உறைக்குள் போடும் முறைகள் இரண்டு உண்டு. டிஓடி என்பது 2016-இல் தரப்படுத்தப்பட்டது, 853 என்ற தனிப் போர்ட்டில் போகும். டிஓஎச் 2018-இல் வந்தது, சாதாரண இணையப் பக்கங்கள் போகும் அதே பாதையில் கலந்து போகும். இரண்டிலும் பதில் சொல்பவர் சான்றிதழ் காட்ட வேண்டும். கூகுள் என்று சொன்னால் கூகுளின் சான்றிதழ் இருக்க வேண்டும். நடுவில் யாராவது புகுந்தால் இணைப்பு அறுந்துபோகும். அறுந்துபோவது எரிச்சல்தான். ஆனால் சத்தமில்லாமல் ஏமாறுவதைவிட, நெட் வரவில்லை என்று தெரிவது எவ்வளவோ மேல். ஏதோ நடக்கிறது என்றாவது உங்களுக்குப் புரியும்.

ரவுட்டர்களை ஒப்பிட நான் முதலில் தேடுவது இந்த வசதியைத்தான். ஏசுஸின் அண்மைய மென்பொருளில் டிஓடி இருக்கிறது. மைக்ரோட்டிக் 2020 முதல் டிஓஎச் தருகிறது, ஆனால் அதன் மெனுவைப் பார்த்து மிரளாதவர்களுக்கு மட்டும். டிபி-லிங்கில் சில புதிய மாடல்களில் உண்டு, பழையவற்றில் இல்லை. பெட்டியின் மேல் அட்டையில் இதை யாரும் அச்சடிப்பதில்லை. நிறுவனத் தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பெட்டியில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

ரவுட்டரில் இல்லையென்றால் கைபேசியில் செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அது எண்ணை ஏற்காது, பெயர்தான் கேட்கும். விண்டோஸ் 11-இலும், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் டிஓஎச் உண்டு. ஆனால் வீட்டு டிவிக்கும் சிசிடிவிக்கும் இப்படிச் செய்ய முடியாது. அவை ரவுட்டர் சொல்வதைத்தான் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை, இரண்டு பக்கமும் வெட்டும். 8.8.8.8 போடுவது என்றால் நீங்க போகும் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் அமெரிக்காவில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைக்கிறீர்கள். அவர்களுக்கென்று தனியுரிமைக் கொள்கை இருக்கிறது, சரி. ஆனால் உள்ளூர் நிறுவனத்துக்கு மலேசியச் சட்டம் பொருந்தும், புகார் கொடுக்க ஆள் இருக்கிறது. வேகத்திலும் உள்ளூர் டிஎன்எஸ் சில நேரம் முந்தும். யூடியூப் போன்ற சேவைகள் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்க டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கின்றன. ஆக, கூகுள் நல்லவர், உள்ளூர் நிறுவனம் கெட்டவர் என்ற கதை இல்லை இது. யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

வீட்டு எண் இருக்கா, லாபி மட்டும்தானா?

அமைப்புப் பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு, வான் ஐபி என்று இருக்கும். உலகம் உங்க வீட்டைப் பார்க்கும் எண். பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் 430 கோடி எண்கள்தான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. சிஜிநேட் என்று பெயர். கொண்டோவுக்கு ஒரே முகவரி, கடிதமெல்லாம் லாபி காவலரிடம் வரும், அவர் பிரித்துக் கொடுப்பார் என்பது மாதிரி.

யூடியூப் பார்ப்பவருக்கு இதில் வித்தியாசமே தெரியாது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்தே கடை சிசிடிவியை நேரடியாகத் திறக்க நினைத்தால் தெரியும். வெளியிலிருந்து கதவைத் தட்டினால் காவலருக்கு எந்த வீடு என்று தெரியாது. நண்பர்களுக்காக வீட்டிலேயே கேம் சர்வர் நடத்தும் தம்பிக்கும் அதே கதி. ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்தும் ஒன்றும் நடக்காது. ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்க. பிறகு உங்க ஐபி எண்ணைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தில் பாருங்க. இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்த வீட்டு எண் இருக்கிறது. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஓர் எண் தொடங்கினால் நீங்க லாபியில்தான் இருக்கிறீர்கள். சந்தா எடுக்கும் முன்பே, பொது ஐபி தருவீர்களா, தனிக் கட்டணமா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஐபிவி6 இதற்கெல்லாம் மருந்து. அதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. மலேசியா ஐபிவி6 பயன்பாட்டில் முன்னணியில் உள்ள நாடுகளில் ஒன்று. உங்க கைபேசியில் அது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் டிஎன்எஸ் மாற்றுபவர்கள் பலர் சறுக்கி விழுவதும் இங்கேதான். ஐபிவி4 கட்டத்தில் 8.8.8.8 என்று போட்டுவிட்டு, பக்கத்து ஐபிவி6 கட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். கைபேசி பாதிக் கேள்விகளை அந்த வழியாக நிறுவனத்திடமே கேட்டுக்கொண்டிருக்கும். கூகுளுக்கு அங்கே 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேருக்கு 2606:4700:4700::1111.

பூட்டு இல்லாத புத்தகம்

டிஎன்எஸ் வரியை மாற்ற நினைப்பது அரசாங்கமும் நிறுவனங்களும் மட்டும் இல்லை. 2011-இல் பிரேசிலில் குற்றக் கும்பல்கள் பாதுகாப்பு ஓட்டை இருந்த வீட்டு மோடம்களுக்குள் புகுந்து டிஎன்எஸ் எண்ணை மாற்றின. பாதிக்கப்பட்டவை சுமார் 45 லட்சம் மோடம்கள் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொன்னார்கள். வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டியவர்களும் போலிப் பக்கத்துக்குப் போனார்கள். அவர்கள் கணினியில் வைரஸ் எதுவும் இல்லை. தப்பு மேசைக்கடியில் தூசு படிந்து கிடந்த பெட்டியில் இருந்தது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற இன்னொரு நிரல் உலகம் முழுக்கச் சுமார் 40 லட்சம் கணினிகளில் இதையே செய்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ கும்பலைப் பிடித்த பிறகும், போலி சர்வர்களின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியிருந்தது. திடீரென்று நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையமே போயிருக்கும்.

ஆகவே ரவுட்டர் வாங்கியதும் முதல் வேலை நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லவில்லை, அமைப்புப் பக்கத்துக்குள் போகும் கடவுச்சொல். இன்னும் அட்மின் என்றே இருக்கிறதா? வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். கடைசியாக மென்பொருள் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்றும் பாருங்கள். பல வருடமாக ஒன்றும் வராத மாடல் என்றால், அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

2024-இல் கைவிடப்பட்டது திருப்பிவிடும் முறை மட்டும்தான். நிறுவனங்களின் சொந்த டிஎன்எஸ்ஸில் முடக்கப்பட்ட பெயர்கள் அதற்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. உங்க இணைப்பில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமா? கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, என்எஸ்லுக்அப் என்ற கட்டளையில் ஒரு பெயரையும், கடைசியில் டிஎன்எஸ் சர்வரே ஓடாத ஏதாவது ஓர் ஐபி எண்ணையும் கொடுங்கள், உங்க ரவுட்டருக்கு அப்பால் உள்ள எண்ணாக இருக்க வேண்டும். யாரும் பதில் சொல்லக் கூடாது, சில விநாடி காத்திருந்துவிட்டுக் கட்டளை தோற்றுப்போக வேண்டும். அங்கிருந்து பதில் வந்தால், வழியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.